கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 42. மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை வருடி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) இயல்பு என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார். 19 வயது மகளுக்கு, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டாகிவிட்டது; அவளுக்கும் சோதனை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 57 வயது அக்கா இதுவரை ஒருமுறைகூடச் சோதித்துக்கொண்டதில்லை. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இனி எதற்கு என்கிறாராம். கடைசி வரியில், அந்த அக்காவுக்கு இரண்டு மாதங்களாக எப்போதாவது லேசான இரத்தக்கறை படுகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

மாதவிடாய் முழுமையாக நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் அது பயப்படத் தேவையில்லாத காரணமாகவே இருக்கும்: ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உட்படலம் மெலிந்திருக்கலாம், பாலிப் என்ற சிறிய சதைத் துருத்தல் இருக்கலாம். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். ஆகவே உங்கள் அக்காவுக்கு ‘எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற கணக்கே இப்போது பொருந்தாது. அந்தக் கணக்கு எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது. அவர் இந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் ஸ்பெகுலம் என்ற விரிக்கும் கருவியைப் பிறப்புறுப்பில் வைத்துக் கருப்பை வாயைக் கண்ணால் பார்ப்பார். ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனை அளப்பார். தேவைப்பட்டால் பயாப்சிக்குத் துளித் திசு எடுப்பார். உடலுறவுக்குப் பின் இரத்தம் வருபவர்களுக்கும், இரு மாதவிடாய்களுக்கு நடுவே இரத்தம் காண்பவர்களுக்கும், துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து வெள்ளைப்படுபவர்களுக்கும் இதே பதில்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. பாப் ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. புண்ணாகிப்போன கட்டியின் மேலிருந்து எடுத்த ஸ்லைடில் சில நேரம் இரத்தமும் அழற்சிச் செல்களும் அழிந்த திசுவும் மட்டுமே நிறைந்திருக்கும்; புற்றுச் செல் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எனவே அறிகுறி இருப்பவர், ‘பாப் இயல்பாக இருக்கிறதே’ என்று நிம்மதி அடைந்து உட்கார்ந்துவிடக் கூடாது. கண்ணால் பார்ப்பதும் பயாப்சியும்தான் அங்கே விடை சொல்லும்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு மருத்துவர்களும் முரண்படுவதுபோலத் தோன்றுகிறது. அவர்கள் ஒரே சோதனையைப் பற்றித்தான் பேசினார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும். பாப் ஸ்மியருக்கு ஓர் இடைவெளி, எச்.பி.வி. சோதனைக்கு வேறோர் இடைவெளி. எந்தச் சோதனை, போன முறை முடிவு என்ன, உங்கள் உடல்நிலை என்ன என்ற மூன்றும் தெரிந்தால்தான் ‘எத்தனை ஆண்டு’ என்பதற்கு விடை கிடைக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த நோய் நடந்துவரும் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸின் சில வகைகளால் வருகிறது. 16, 18 என்ற இரு வகைகள் மட்டுமே சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். இது உடலுறவால், தோலோடு தோல் உரசுவதால் பரவுவது. மிகவும் சாதாரணமானது; உடலுறவு கொள்ளும் மனிதர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பெற்றிருப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே இதை அடக்கிவிடும். மீதிச் சிலருக்கு வைரஸ் தங்கிவிடுகிறது. கருப்பை வாயில் வெளிப்பக்கத்துச் செல்களும் உட்பக்கத்துச் செல்களும் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. அங்கேதான் மாற்றங்கள் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முதிர, எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள பெண்ணுக்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவு மெதுவாக நகரும் என்று எப்படித் தெரியும்? இந்த அறிவில் ஒரு பகுதி பெண்கள் கொடுத்த கொடும் விலையால் வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இருந்த தேசிய மகளிர் மருத்துவமனையில், 1966 முதல் பல ஆண்டுகள், புற்றுக்கு முந்தைய கடைசிப் படியில் இருந்த பெண்கள் பலருக்கு உரிய சிகிச்சை தரப்படாமல் கண்காணிப்பு மட்டுமே நடந்தது. தாங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. பின்னாளில் நீதி விசாரணை நடந்து, 1988இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அந்தப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2008இல் வெளியானது: துளித் திசு எடுத்ததோடு விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளுக்குள் சுமார் 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிலோ அது 0.7 விழுக்காடு மட்டுமே. முற்றிய மாற்றம்கூட எல்லோருக்கும் புற்றாவதில்லை, ஆவதற்கும் ஆண்டுக்கணக்கில் பிடிக்கிறது, நடுவில் பிடித்துவிட்டால் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடலாம் என்ற மூன்று உண்மைகளும் இந்த எண்களில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை இதைச் சொல்லும்போதும் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். இன்று நாம் ‘ஐந்து ஆண்டு பொறுக்கலாம்’ என்று துணிவாகச் சொல்வதில் அவர்கள் பட்ட துன்பத்துக்கும் பங்கிருக்கிறது.

இப்போது பாப். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற மருத்துவர் 1928இல் முதலில் எடுத்துரைத்து, 1940களில் பரவலாக அறியவைத்த முறை இது. கருப்பை வாயை மெல்லிய பிரஷ்ஷால் வருடி எடுத்த செல்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்போம். ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். மாறிய செல்கள் அதில் பத்தோ இருபதோ இருக்கலாம். பிரஷ் அந்த இடத்தில் படாமல் போகலாம், இரத்தமோ சளியோ மறைக்கலாம், பார்ப்பவரின் கண் களைத்திருக்கலாம். நன்றாக நடத்தப்படும் ஆய்வகத்திலும் ஒற்றை பாப் சோதனை கணிசமான மாற்றங்களைத் தவறவிடும். மனம் நோகாமல் இதை என்னால் எழுத முடியவில்லை, ஆனாலும் உண்மை இதுதான். அப்படியிருந்தும் இந்தச் சோதனை ஏராளமான உயிர்களைக் காத்தது, திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டதால். இந்த முறை தவறினாலும் அடுத்த முறை பிடிபடும். நோய் மெதுவாக நகர்வதால் அதற்கு நேரம் இருக்கிறது. பாப் மட்டும் எடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு இடைவெளி என்று வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். ஆண்டுதோறும் எடுப்பது பழைய வழக்கம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1980இலேயே, தொடர்ந்து இயல்பாக வருபவர்களுக்கு மூன்று ஆண்டு இடைவெளி போதும் என்று சொல்லிவிட்டது. வழக்கம் மட்டும் பல இடங்களில் இன்னும் விடவில்லை.

எச்.பி.வி. சோதனை வேறு வகை. செல்லின் தோற்றத்தைப் பார்க்காமல், மாற்றத்தை உண்டாக்கும் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறது. இந்த வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால், இன்று மாற்றம் இல்லை என்பதோடு, அடுத்த சில ஆண்டுகளில் வரும் வாய்ப்பும் மிகக் குறைவு என்று பொருள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்களைக் கொண்டு நடத்தி, 2009இல் முடிவு வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. வாழ்நாளில் ஒரே ஒருமுறை எச்.பி.வி. சோதனை வாய்த்த குழுவில், எட்டு ஆண்டுகளில், கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தோர் எண்ணிக்கை சோதனைத் திட்டம் இல்லாத குழுவைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எச்.பி.வி. இல்லை என்று வந்தவர்களுக்குப் பின்னாளில் புற்று வந்த விகிதம், பாப் இயல்பு என்று வந்தவர்களில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு அளவே இருந்தது. ஐந்து ஆண்டு இடைவெளி என்ற துணிவு இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்லாப் பெண்களும் 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளலாம். அந்தச் சோதனை கிடைக்காத இடங்களில் பாப் அல்லது அசெட்டிக் அமிலச் சோதனை (அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பது), மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் 21 முதல் 29 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒரு பாப் என்றும், 30 முதல் 65 வரை மூன்று ஆண்டுக்கு ஒரு பாப் அல்லது ஐந்து ஆண்டுக்கு ஓர் எச்.பி.வி. சோதனை அல்லது இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றும் சொன்னது. ஆஸ்திரேலியா இரண்டு ஆண்டுக்கு ஒரு பாப் என்றிருந்ததை 2017 டிசம்பரில் ஐந்து ஆண்டுக்கு ஓர் எச்.பி.வி. சோதனையாக மாற்றியது. இங்கிலாந்தும் 2025 ஜூலை முதல், எச்.பி.வி. இல்லை என்று வரும் 25 முதல் 49 வயதுப் பெண்களுக்கு மூன்று ஆண்டை ஐந்தாக நீட்டியிருக்கிறது. தொடங்கும் வயதிலும் முடிக்கும் வயதிலும் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு உண்டு. ‘ஆண்டுதோறும்’ என்பது இவற்றில் எதிலும் இல்லை.

அடிக்கடி செய்தால் கூடுதல் பாதுகாப்புதானே, என்ன நட்டம் என்று கேட்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தானாகவே மறைந்துபோகவிருந்த தொற்றையும், தானாகவே சரியாகிவிடும் லேசான மாற்றத்தையும் அடிக்கடி செய்யும் சோதனை வழியில் மறித்துப் பிடித்துவிடும். உடனே ‘மாற்றம் உள்ளது’ என்று ஓர் அறிக்கை. அதைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு அன்றிரவு தூக்கம் வராது. பிறகு கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), பயாப்சி, சில நேரம் கருப்பை வாயின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்கும் சிகிச்சை. அப்படி வெட்டியெடுத்த பெண்ணுக்குப் பின்னாளில் குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது. ஆழமாக வெட்டினால் இன்னும் கூடும். தேவைப்பட்டவருக்கு இந்தச் சிகிச்சை உயிர்காக்கும், தயங்கவே கூடாது. தேவைப்படாதவருக்கு அது ஏற்க வேண்டிய அவசியமே இல்லாத காயம். இளம் பெண்களை அவசரப்பட்டுச் சோதிக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

உங்கள் மகளைப் பற்றிய பதிலும் இதிலேயே வந்துவிட்டது. 19 வயதில் எந்தச் சோதனையும் வேண்டாம். அந்த வயதில் தொற்று மிகச் சாதாரணம், புற்று மிக அரிது. எந்த நாட்டு விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து 21, 25 அல்லது 30 வயதில் தொடங்கினால் போதும். தடுப்பூசி போட்டதால் சோதனையே வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசிகூடப் புற்றுண்டாக்கும் வகைகளில் ஏழு வகைகளை மட்டுமே தடுக்கிறது. ஊசிக்கு முன்பே தொற்று வந்திருந்தால் அதை ஊசி குணப்படுத்தாது.

மேலே சொன்ன இடைவெளிகள் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு நோய் வேகமாக நகரும். சிகிச்சை எடுக்காவிட்டால் 5 முதல் 10 ஆண்டுகளில் புற்றாகலாம். அவர்களுக்கு 25 வயதில் தொடக்கம், 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில நாடுகளில் இன்னும் நெருக்கமாகச் செய்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். முற்றிய மாற்றத்துக்கு ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள், முதல் சில சோதனைகள் இயல்பாக வந்தாலும் நிறுத்தக் கூடாது. அமெரிக்க வழிகாட்டுதல் குறைந்தது 25 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்கிறது.

கருப்பையை எடுத்துவிட்டோம், இனி வேண்டாமே என்று சொல்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா? சிலருக்கு அதை விட்டுவைப்பதுண்டு. அப்படியானால் சோதனை தொடர வேண்டும். கருப்பை வாயும் எடுக்கப்பட்டு, எடுத்த காரணம் புற்றல்லாத கட்டி, அதிக இரத்தப்போக்கு போன்றதாக இருந்து, முன்பு முற்றிய மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால் சோதனை தேவையில்லை. மருத்துவமனையில் தந்த வெளியேற்ற அறிக்கையில் இது எழுதியிருக்கும்.

எப்போது நிறுத்தலாம்? 50 வயதைத் தாண்டி, உரிய இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முடிவுகள் இயல்பாக இருந்தால் நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 65, ஆஸ்திரேலியாவில் 74. இவை எல்லாமே ஒழுங்காகச் சோதித்து வந்தவர்களுக்கானவை. உங்கள் அக்காவைப்போல ஒருமுறைகூடச் செய்யாதவருக்கு 57 என்பது நிறுத்தும் வயதே இல்லை. மாதவிடாய் நின்றதால் வைரஸ் போய்விடுவதில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு: அந்த வயதில் மாற்றம் தொடங்கும் வளையம் உள்ளே ஒதுங்கிவிடும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடத்தில் வெண்திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனை இளவயதினருக்குப் பயன்படும். வளையமே கண்ணுக்குத் தெரியாத பெண்ணுக்கு அதை நம்ப முடியாது. அவருக்கு எச்.பி.வி. சோதனையே ஏற்றது.

எச்.பி.வி. உள்ளது என்று முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளில்லை. 16 அல்லது 18 வகை என்றால் நேரே கால்போஸ்கோபி. மற்ற வகை என்றால் பாப் பார்த்து முடிவெடுப்பார்கள், பல நேரம் ஓராண்டு கழித்து மறுபடி சோதிப்பார்கள். கணவரோ மனைவியோ துரோகம் செய்துவிட்டார் என்றும் அதற்குப் பொருளில்லை. இந்த வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தென்படலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு குடும்பம் குலைவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஸ்பெகுலம் வைப்பதற்குக் கூச்சமோ பயமோ இருப்பவர்களுக்கு இன்று வழியுண்டு. எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே மென்மையான குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் அதன் துல்லியம் மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய இணையாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் சோதனைக்கு உரிய எல்லாப் பெண்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த மாதிரியில் பாப் பார்க்க இயலாது என்பதால், வைரஸ் இருப்பதாக வந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

உங்களுக்கான பதில் இப்போது எளிது. 42 வயது, மூன்று ஆண்டுகளுக்கு முன் பாப் இயல்பு: ஆகவே அடுத்த சோதனைக்கு இதுவே நேரம். எச்.பி.வி. சோதனை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்து, வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்தது 47 வயதில். பாப் மட்டும்தான் கிடைக்கும் என்றால் அதையே எடுங்கள், அடுத்தது 45இல். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பாப் என்றால் முந்தைய இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். பழைய அறிக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ‘மாதிரி போதுமானது’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். போதவில்லை என்று எழுதியிருந்தால் அது இயல்பான முடிவாகக் கணக்கில் சேராது.

மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது அக்காவுக்கு முதலில் வாங்குங்கள். அவருக்குத் தானே எடுக்கும் மாதிரி இப்போது வேண்டாம். ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் நீங்களும் கூடவே போங்கள். உங்கள் சோதனை அடுத்த மாதம் நடந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.